முதுகுக்கு ஒரு நிறம்

"அப்பா வெள்ளைச் சட்டையில வந்தா நான் வரல" என்றாள் மகள்.

ஒன்பது வயது. வீட்டில் அவளுக்கு ஜட்ஜ் என்று பெயர். தீர்ப்பைச் சொல்லிவிட்டுச் சாப்பிடத் தொடங்கினாள்.

"வெள்ளைக்கு என்ன குறைச்சல்?" என்றார் அப்பா.

"எல்லார் முதுகும் ஒண்ணா இருக்கு."

அவர் லாண்டரிக்காரர். கீழே கடை, மேலே வீடு. வெள்ளை தவிர வேறு நிறத்தில் அவரை அந்தத் தெருவில் யாரும் பார்த்ததில்லை. கடைக்குப் பெயர்ப்பலகை இருந்தது. யாரும் அதைப் படிப்பதில்லை. அவர் சட்டையைப் பார்த்துவிட்டுத்தான் துணி போட வந்தார்கள்.

அம்மா தட்டை நகர்த்தினாள். அவள் நகரப் பேருந்து ஓட்டுகிறாள். அன்று இரண்டு ஷிப்ட் பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

"லீவு கேட்டு டிப்போ மேனேஜர் கால்ல விழாத குறை" என்றாள். "டிக்கெட் எடுத்தாச்சு. கடல் பாக்கணும்னு நான் சொல்லி எத்தனை வருஷம் ஆச்சு? நீ வரலன்னா யாரும் போறதில்ல. தெரியுமில்ல?"

"தெரியும்."

"அப்ப?"

"அப்பாகிட்ட பேசு."

போன விடுமுறையில் அம்மாவுக்கு லீவு கிடைக்கவில்லை. அப்பாவும் மாமாவும் மகளும் மட்டும் கிளம்பினார்கள். ரயில் நிலையத்தில் நிற்க இடமில்லை. மாமா தண்ணீர் வாங்கப் போனான். அப்பாவின் இரண்டு கையிலும் பெட்டி. "சட்டை நுனியப் பிடிச்சுக்கோ" என்றார். அவள் பிடித்துக்கொண்டாள். மேம்பாலத்தில் யாரோ இடித்ததில் கை விட்டது. உடனே மறுபடி பிடித்துவிட்டாள். வெள்ளைச் சட்டை. பாலத்தைக் கடந்து, படி இறங்கி, வேறொரு பிளாட்பாரத்தின் கடைசிவரை நடந்தாள். அங்கே சட்டை திரும்பியது. மீசை வைத்த யாரோ ஒருவரின் முகம்.

அந்த நேரமெல்லாம் அப்பா பேசிக்கொண்டே நடந்தார். கடலில் அலை எப்படி வரும், கால் எப்படிக் கூசும் என்று பின்னால் வருகிற மகளுக்குச் சொல்லிக்கொண்டே போனார்.

டிக்கெட் பரிசோதகர் ஒருவர் அவளை அழைத்துவந்தபோது ரயில் போய்விட்டிருந்தது. அவள் அழவில்லை. "நான் தொலையல. நீங்கதான் தொலைஞ்சீங்க" என்றாள். வீட்டுக்கு வந்தபின் ஒருநாள் முழுக்க யாரோடும் பேசவில்லை. அதற்குப் பிறகு சந்தைக்குக் கூப்பிட்டால் வருவதில்லை. பள்ளி ஆண்டு விழாவுக்கு வாசல்வரை போய், கூட்டத்தைப் பார்த்துவிட்டு, அம்மாவின் கையை இழுத்துக்கொண்டு திரும்பிவிட்டாள்.

"என் கடையில இத்தனை வருஷத்துல ஒரு சட்டை மாறினது கிடையாது" என்பது அப்பாவின் பழைய பெருமை.

"சட்டை மாறல. பொண்ணு மாறிட்டா" என்றாள் அம்மா, ஒரே ஒருமுறை. அதோடு அவர் அந்தப் பெருமையை விட்டுவிட்டார்.

இப்போது அவர் தண்ணீரைக் குடித்து முடித்தார்.

"வெள்ளை வேண்டாம். வேற என்ன நிறம்?"

"பாத்துச் சொல்றேன்."

அவள் பார்த்தாள். பள்ளி விட்டதும் கடைக் கவுன்டரில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டாள். வருகிற துணிகளை அப்பா பிரிக்கும்போது அவளும் எட்டிப் பார்த்தாள். வெள்ளை நிறைய வந்தது. நீலம் அதற்கடுத்து. சாம்பல், கறுப்பு, கோடு போட்டது, கட்டம் போட்டது. மஞ்சள் வராது என்று நினைத்தாள். பல் டாக்டர் இரண்டு மஞ்சள் சட்டை கொண்டுவந்து போட்டார்.

"இந்த டாக்டருக்கு எதுக்கு இந்த வேலை?" என்றாள் கோபமாக.

வாரக் கடைசியில் முடிவாகிவிட்டது. சட்டையில் ஊதா வரவே இல்லை.

"ஊதாச் சட்டை கடையில கிடைக்குமான்னு பாக்கலாம்" என்றார் அப்பா.

"கடையில வாங்கினா அதே மாதிரி இன்னொருத்தரும் வாங்கியிருப்பாங்க. நாமளே போடணும்."

"சாயமா?"

"சாயம்."

அப்பா சிரித்துவிட்டார். ஆயுள் முழுக்கச் சாயத்தோடு சண்டை போட்டவர் அவர். சிவப்புக் கைக்குட்டை ஒன்று தெரியாமல் உள்ளே போய், ஒரு தொட்டி வெள்ளையையும் ரோஜா நிறமாக்கிய நாள்கள் உண்டு. எலுமிச்சை, சோடா, வெயில் என்று எதையெல்லாமோ வைத்து அதை விரட்டத் தெரியும். வரவேற்கத் தெரியுமா?

"எடுக்கத் தெரிஞ்சவனுக்குப் போடத் தெரியாதா?" என்றார்.

விடுமுறைக்கு முந்தின நாள் கடையை மதியத்தோடு மூடினார்கள். மாமா வந்துவிட்டான். அம்மாவின் தம்பி; பேக்கரியில் வேலை. கை எப்போதும் மாவு வாசனை அடிக்கும். தனக்கும் அக்காவுக்கும் ஜட்ஜுக்கும் மூன்று புதிய பருத்தி டீ ஷர்ட்டை முந்தின நாளே வாங்கிக் கொடுத்திருந்தான். எல்லாம் வெள்ளை.

"மச்சான், உங்களுக்கும் ஒண்ணு வாங்கட்டுமான்னு கேட்டேன்ல?"

"நான் காலர் இல்லாம வெளியில போனதில்ல."

"சாயம் மட்டும் போட்டுக்கலாமா?"

"காலருக்குச் சாயம் போடலாம். காலர் இல்லாததுக்கு என்ன பண்றது?"

அவர் தன் சட்டைகளில் நல்லதை எடுத்திருந்தார். முந்தின நாள் மாலையே நான்கையும் சோடா போட்டு அலசிவிட்டார். புதுத் துணியில் மில் பசை இருக்கும். அது போனால்தான் சாயம் ஏறும் என்று மகளுக்கு விளக்கியிருந்தார். சரியான விளக்கம். பிறகு டீ ஷர்ட்டுகளைக் கொடியில் போட்டார். வெள்ளைச் சட்டையைக் கை தானாகக் கஞ்சித் தொட்டிக்குக் கொண்டுபோனது. நனைத்து, பிழிந்து, உதறி, ஹேங்கரில் மாட்டினார். அவருக்கு அது மூச்சு விடுவது மாதிரி. விட்டதை யார் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள்?

இப்போது அவர் இஸ்திரி மேசையில் அந்தச் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"சாயத்துல முக்கப் போற சட்டைக்கு இஸ்திரியா?" என்றான் மாமா.

"சுருக்கத்தோட போட்டா சுருக்கத்துல சாயம் நிக்கும்."

"குளிக்கப் போறவன் தலை சீவிட்டுப் போற மாதிரி இருக்கு, மச்சான்."

"நீ பாத்திரத்தத் தேடு."

பெரிய அலுமினியப் பாத்திரத்தில் தண்ணீர் கொதித்தது. மகள் உப்பை அளந்து போட்டாள். ஊதாத் தூளைத் தனியாக ஒரு குவளை வெந்நீரில் கரைத்து, மெல்லிய துணியில் வடிகட்டினார் அப்பா. கட்டி உள்ளே போனால் புள்ளி விழும். இருவர் கையிலும் ரப்பர் உறை. அவளுடையது முழங்கைவரை வந்தது.

அம்மா ஷிப்ட் முடிந்து சீருடையோடு வந்து கதவில் சாய்ந்து நின்றாள்.

"தரையில சிந்துச்சுன்னா யார் தொடைக்கிறது?"

"மாமா" என்றாள் மகள்.

"நான் என்னடி பண்ணேன்?"

"போன வருஷம் தண்ணி வாங்கப் போனேல்ல."

மாமா ஒரு பழைய துணியைத் தேடி எடுத்தான்.

முதலில் டீ ஷர்ட்டுகள். ஈரமாக்கி உள்ளே விட்டார்கள். மகள் ஸ்டூல் மேல் நின்று மரக்கரண்டியால் கிண்டினாள். நிறுத்தாமல் கிண்ட வேண்டும், நின்றால் திட்டுத் திட்டாகும் என்றார் அப்பா. கை வலித்தபோது கையை மாற்றிக்கொண்டாள். பாத்திரத்திலிருந்து ஆவி வந்தது. அவள் மூக்கு நுனியில் ஒரு ஊதாச் சொட்டு.

வெளியே எடுத்தபோது கறுப்பாக இருந்தன. அலச அலச நிறம் தெளிந்தது. தண்ணீர் வெறும் தண்ணீராக ஓடும்வரை அப்பா விடவில்லை. கொடியில் மூன்று ஊதா. தையல் நூலில் மட்டும் சாயம் ஏறவில்லை. தோள், கை, கழுத்து எல்லாவற்றையும் சுற்றி மெல்லிய வெள்ளைக் கோடு.

"அது எதுக்கு அப்படியே இருக்கு?"

"நூல் பாலியஸ்டர். அதுக்கு இந்தச் சாயம் ஒத்துக்காது."

"நல்லாருக்கு" என்றாள். "பென்சில்ல வரைஞ்ச மாதிரி."

மாமா கொடிக்கு எதிரே நின்று இடுப்பில் கை வைத்தான். "நாளைக்கு ஸ்டேஷன்ல எங்களைப் பாத்து எல்லாரும் ஒதுங்கிடுவாங்க. தொலையணும்னு நினைச்சாக்கூட முடியாது."

கடைசியாக அப்பாவின் சட்டை. மடிப்புக் கலையாமல் இரண்டு கையாலும் ஏந்தி உள்ளே இறக்கினார். மகள் கிண்டினாள். துணி விறைப்பாகக் கரண்டியோடு மல்லுக்கட்டியது.

"முறைக்குதுப்பா."

"நல்ல துணி. அப்படித்தான் இருக்கும்."

எடுத்தார்கள். அலசினார்கள். விரித்துப் பிடித்தார்கள்.

காலர் பாதி வெள்ளை. முன்பக்கம் பொத்தான் பட்டி முழுக்க வெள்ளை. கைகளில் ஊதாவும் வெள்ளையும் கலந்து அடித்த மாதிரி. முதுகுதான் மோசம். நடுமுதுகில் ஒரு பெரிய வெள்ளைத் திட்டு. அதன் ஓரமெல்லாம் பிய்த்த ரொட்டி மாதிரி. இடது தோளிலிருந்து ஒரு ஒழுகல் அதைத் தொட வந்து தொடாமல் நின்றுவிட்டது.

அம்மாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அடக்கினாள். முடியவில்லை.

"என்னங்க இது, உலக வரைபடமா?"

அப்பா ஈரக் காலரை விரலால் தேய்த்தார். வழவழப்பு. முகர்ந்தார்.

"கஞ்சி" என்றார்.

"யாரு போட்டது?"

அவர் கஞ்சித் தொட்டியைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள்.

"போட்டு, மேல இஸ்திரியும் போட்டு, நல்லா பதிச்சும் விட்டுட்டீங்க" என்றான் மாமா. "எங்க கடையில வெண்ணெய்த் தாள் விரிச்சு மாவு ஒட்டாம பாத்துக்குவோம். அதே மாதிரி சாயம் ஒட்டாம பாத்துக்கிட்டீங்க."

"போதும்டா" என்றாள் அம்மா, சிரித்துக்கொண்டே.

அப்பா வேலையில் இறங்கினார். தப்பு என்ன என்று தெரிந்துவிட்டது. தெரிந்த தப்பைத் திருத்த வழி இருக்கும். கஞ்சியை வெந்நீரில் கரைத்து எடுத்து, மறுபடி சாயத்தில் விடலாம். பாத்திரத்தில் கரண்டியை விட்டுத் தூக்கிப் பார்த்தார். தண்ணீர் வெளிறியிருந்தது. சாயத்தை டீ ஷர்ட்டுகளே குடித்துவிட்டன. தூள் விற்ற கடைக்குப் போன் செய்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. விடுமுறைக்காக அவர்களும் முன்கூட்டியே மூடிவிட்டார்கள்.

அவர் ஈரச் சட்டையைக் கொடியில் போட்டுவிட்டு, அலமாரிக்குப் போய் வேறொரு சட்டையை எடுத்தார். மடிப்புக் குலையாத வெள்ளை.

"பரவால்ல. நீங்க மூணு பேரும் ஊதால இருக்கீங்க. நான் உங்களோடவே நடக்கிறேன்."

மகள் கையுறையைக் கழற்றினாள். ஒவ்வொரு விரலாக. கழற்றி மேசையில் வைத்தாள்.

"அப்ப நான் வரல."

"ஜட்ஜம்மா..."

"மாமா முதுகும் அம்மா முதுகும் எனக்கு எதுக்கு? நான் பிடிச்சது உன் முதுகு."

மாமா தரையைத் துடைக்கத் தொடங்கினான். அம்மா சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

"இந்தத் திட்டோட எப்படிம்மா போறது? நாளைக்கு ஸ்டேஷன்ல பாதிப்பேர் நம்ம கடைக்குத் துணி போடுறவங்க. சொந்தச் சட்டையக் கறையாக்கிட்டு வந்தவன்கிட்ட யாரு துணி குடுப்பா?"

மகள் அதை யோசித்தாள். அது நியாயமான கேள்வி என்று அவளுக்கும் பட்டது.

"கறைன்னு அவங்க சொல்வாங்க" என்றாள். "ஆனா இந்த முதுகு வேற யாருக்கும் கிடையாது."

அவள் கொடிக்குப் போய் அந்தச் சட்டைக்குப் பின்னால் நின்றாள். திட்டின் ஓரத்தை விரலால் சுற்றி வந்தாள். தோளிலிருந்து இறங்கிய ஒழுகலைத் தொட்டாள். கண்ணை மூடினாள். திறந்து பார்த்தாள். பாடத்தை மனப்பாடம் செய்வது மாதிரி உதடு அசைந்தது. பிறகு சட்டையின் நுனியைப் பிடித்தாள். ஈரத்திலும் அது கொஞ்சம் விறைப்பாகவே இருந்தது.

"அன்னைக்கு அந்தாளோட சட்டை தொளதொளன்னு இருந்துச்சு" என்றாள். "அப்பவே எனக்குத் தெரிஞ்சிருக்கணும். உன்னுது மொறுமொறுன்னு இருக்கும்."

அப்பா வெள்ளைச் சட்டையை அலமாரியில் திரும்ப மாட்டினார். கதவைச் சாத்தினார்.

"காயட்டும்" என்றார். "இஸ்திரி போட்டு வைக்கிறேன்."

காலையில் பேருந்து நிறுத்தத்துக்கு நான்கு பேரும் நடந்தார்கள். மூன்று ஊதா, ஒரு வரைபடம். பேருந்தை ஓட்டியவர் அம்மாவின் சக ஓட்டுநர். கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார்.

"என்னக்கா, குடும்பமே மையில விழுந்துட்டீங்களா?"

"ரோட்டப் பாத்து ஓட்டுடா. நான் ஓட்டும்போது எவன் சட்டையையாவது பாத்திருக்கேனா?"

ரயில் நிலைய வாசலில் பல் டாக்டர் நின்றார். மஞ்சள் சட்டை. அப்பாவே தேய்த்துக் கொடுத்தது. டாக்டர் அவரை முன்னால் பார்த்தார், சுற்றிப்போய் முதுகையும் பார்த்தார்.

"என்ன லாண்டரி, உனக்கே இந்தக் கதியா?"

மகள் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள்.

"நானும் என் பொண்ணும் போட்ட சாயம், டாக்டர்" என்றார் அப்பா. "நாலு தெருவுக்கு அந்தப் பக்கமிருந்து பாத்தாலும் நான்தான்னு தெரியும். உங்களுக்கு ஒண்ணு போட்டுத் தரட்டுமா?"

டாக்டர் குனிந்து தன் மஞ்சள் சட்டையைப் பார்த்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. உங்க துணி எப்பவும் போலத்தான் வரும்" என்று சொல்லிவிட்டு அப்பா நடந்தார்.

உள்ளே போன வருஷக் கூட்டம் அப்படியே இருந்தது. மேம்பாலப் படியில் தலைகள். பெட்டிகள் தலைக்கு மேல் போயின. எங்கோ ஒரு குழந்தை பலூனுக்காக அழுதது. மகள் நின்றுவிட்டாள். முகம் வெளுத்திருந்தது. அம்மா அவள் கையைப் பிடிக்கக் குனிந்தாள்.

"வேண்டாம்" என்றாள் மகள். "நீயும் மாமாவும் முன்னாடி போய் எடம் பிடிங்க. அப்பா, நீ பாலத்துல நட. நான் இங்கருந்து வரேன்."

"நுனியப் பிடிச்சுக்கிட்டா?"

"இல்ல. நீ முதல்ல போ. நான் கண்டுபிடிக்கிறேன். நீ திரும்பக் கூடாது."

அம்மா கணவனைப் பார்த்தாள். பேருந்தின் எல்லாக் கண்ணாடியும் அந்தப் பார்வையில் இருந்தன. "பின்னாடி பாக்காம எப்படிங்க..."

"நீ போ" என்றார் அப்பா. மெதுவாகச் சொன்னார்.

அம்மா போனாள். மாமா பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் போனான். போகும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தான். அப்பா தன் இரண்டு பெட்டியையும் எடுத்தார்.

படி ஏறினார். முன்னால் வெள்ளை முதுகுகள். பக்கத்தில் வெள்ளை முதுகுகள். எல்லாம் யாரோ நன்றாக வெளுத்தவை. யாரோ இடித்தார்கள், மன்னிப்புக் கேட்டார்கள். போன வருஷம் இந்த இடத்தில் அலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். இன்று வாயைத் திறக்கவில்லை. காது மட்டும் பின்னால் போய் நின்றது. ஆயிரம் கால்களில் ஒரு சின்னச் செருப்பின் ஓசையைத் தேடியது. கிடைக்கவில்லை.

பாலத்தின் நடுவுக்கு வந்தார். கழுத்து திரும்பப் பார்த்தது. பெட்டிகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். திரும்பவில்லை. கீழே கடல் ஊருக்குப் போகிற ரயில் உள்ளே வந்துகொண்டிருந்தது. கூட்டம் ஒரே நேரத்தில் வேகம் எடுத்தது. அவர் வேகம் எடுக்கவில்லை. முதுகை நேராக வைத்துக்கொண்டார், பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று.

இறங்கும் படியில் சட்டையின் நுனி இழுபட்டது.

"யாரு?" என்றார், திரும்பாமல்.

"வேற யாரு?" என்றது குரல், மூச்சு வாங்கிக்கொண்டு. "மறுபடியும் கஞ்சி போட்டியா? கை குத்துது."

"கொஞ்சமாத்தான்."

"கொஞ்சமா! நிக்க வெச்சா தானே நிக்கும்."

அவர் திரும்பிப் பார்த்தார். வேர்த்திருந்தாள். மூக்கு நுனியில் நேற்றைய ஊதா இன்னும் போகவில்லை. சட்டை நுனியை விட்டுவிட்டு, அவர் கையிலிருந்து சின்னப் பெட்டியை வாங்கிக்கொண்டாள்.

"ஏம்ப்பா நிக்கிற? அம்மா கத்தப் போறாங்க."

அவரைத் தாண்டி முன்னால் இறங்கினாள். கூட்டம் அவளை விழுங்கியது. அவர் படியில் நின்று, தலைகளுக்கு நடுவே, தோளைச் சுற்றி வெள்ளைக் கோடு போட்ட ஒரு சின்ன ஊதா முதுகைத் தேடினார். இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இறங்கினார்.